வாசலில் செருப்பு இல்லாத வெள்ளிக்கிழமை

போன மாதம் வித்யா ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்த பொறியாளர் அவர்.

“சார், ஆபிஸ் மாத்துறோம். உங்க பழைய டிராயர்ல அடியில ஒரு ஜோடி வெள்ளை கேன்வாஸ் ஷூ இருக்கு. பிரைமரி ஸ்கூல் பிள்ளைங்க போடுற மாதிரி, ஆனா பெரிய சைஸ். யாரோடதுன்னு இங்க யாருக்கும் தெரியல. தூக்கிப் போட்டுடவா?”

கூடவே ஒரு படம். இரண்டு காலணிகளிலும் கட்டைவிரலுக்குக் கீழே அடிப்பகுதி காகிதம் போலத் தேய்ந்திருந்தது. என்னுடையவைதான்.

வித்யாவின் பிரிவில் இப்போது கைபேசியில் பேசும் வழிகாட்டி ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். பார்வையற்றவர் காதில் ஒரு சிறு கருவியை மாட்டிக்கொண்டு நடந்தால், அடுத்த திருப்பம் எங்கே என்று அது தமிழிலும் சொல்லும். நானும் கேட்டுப் பார்த்தேன். குரல் நன்றாக இருக்கிறது. அந்தக் காலணிகளை எறியலாமா வேண்டாமா என்று இரண்டு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். நாள்தோறும் குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவனுக்குச் சுருக்கமாக எழுத வராது என்று என் மனைவி சொல்வது சரியாகிவிட்டது.

பாலிடெக்னிக்கில் மின்னியல் படித்துவிட்டுப் போக்குவரத்து விளக்குகளைப் பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏணியில் ஏறினேன், விளக்கு மாற்றினேன், மழையில் நனைந்தேன், இறங்கினேன். பிறகு, பார்வையற்றவர்களும் சக்கர நாற்காலியில் செல்பவர்களும் தெருவில் துணையின்றி நடப்பதற்கான வசதிகளைக் கவனிக்க ஒரு சிறு பிரிவு தொடங்கினார்கள். என்னை அங்கே மாற்றினார்கள். கடக்கலாம் என்று காட்டும் பச்சை மனித உருவம் எரியும்போது விளக்குக் கம்பம் எழுப்பும் பீப் ஒலி, அட்டையைத் தட்டினால் முதியவர்களுக்காகப் பச்சை சற்றுக் கூடுதலாக நிற்கும் கருவி, நடைபாதையில் காலுக்குத் தட்டுப்படும் ஓடுகள், இவையெல்லாம் எங்கள் பொறுப்பு.

அந்த ஓடுகளில் இரண்டு வகை. நீளக் கோடுகள் உள்ளவை, இப்படியே போகலாம் என்று சொல்லும். வட்டப் புள்ளிகள் உள்ளவை, நில், இங்கே ஏதோ மாறுகிறது என்று சொல்லும். சாலை விளிம்பு, படிக்கட்டு, பாதை பிரியும் இடம் எல்லாவற்றுக்கும் புள்ளிதான். அலுவலகத்தில் நாங்கள் அவற்றைக் கோடு, புள்ளி என்றுதான் சொல்வோம்.

பிரிவின் தலைவர் மிஸ்டர் தியோ. ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் நான்காக மடித்த வெள்ளைக் கைக்குட்டை எப்போதும் இருக்கும். அதை அவர் பயன்படுத்தி நாங்கள் பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் பேசுவார், நடுநடுவே இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிவரும் ‘லா’ விழும். தமிழகத்திலிருந்து வந்த கட்டுமான ஊழியர்களிடமிருந்து ‘மெதுவா’ என்ற ஒரு சொல்லைக் கற்றிருந்தார். திட்டுவதற்கும் பாராட்டுவதற்கும் விடை கொடுப்பதற்கும் அது ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

நான் சேர்ந்த முதல் நாள் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். “என்ன சைஸ்?” என்றார். மறுநாள் என் மேசை மேல் ஒரு ஜோடி வெள்ளை கேன்வாஸ் காலணி இருந்தது. பள்ளிச் சீருடை விற்கும் கடையில் வாங்கியது.

“உன் ஷூவோட அடி ரொம்பத் தடிப்பு. அதைப் போட்டுக்கிட்டு நடந்தா எல்லா ஓடும் நல்லா இருக்கிற மாதிரிதான் தோணும். இதைப் போட்டு நட. கண்ணை மூடு. கோட்டுக்கும் புள்ளிக்கும் வித்தியாசம் தெரிஞ்சா எங்கிட்ட வா.”

நான் ஒரு வாரம் அப்படி நடந்தேன். பிரிவில் எல்லோரும் அப்படி நடந்தவர்கள்தான். மெல்லிய அடிப்பகுதிக்குக் கீழே ஒவ்வொரு புள்ளியும் துல்லியமாகத் தெரியும். மழைக்குப் பிறகு ஓட்டின் சூடு மாறுவதுகூடத் தெரியும். வளர்ந்த ஆண்கள் சிலர் பள்ளிப் பிள்ளைகளின் காலணியில் கண்ணை மூடிக்கொண்டு தோ பாயோ வட்டாரத்து நடைபாதையில் நடப்பதைப் பார்த்து ஒரு மூதாட்டி எங்களை ஏதோ பிரார்த்தனைக் குழு என்று நினைத்துக்கொண்டார்.

மிஸ்டர் தியோவுக்கு மிக முக்கியமானது சோதனை நடை. புதிய பாதை முடிந்ததும் ஒப்பந்தக்காரர் எல்லாவற்றையும் அளந்து காட்டுவார். இவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, “நல்லது. இப்ப யாரு நடக்கப் போறாங்க?” என்பார். பார்வையற்ற ஒருவர் புறப்படும் இடத்திலிருந்து சேரும் இடம்வரை தனியாக நடந்தாக வேண்டும். எங்களில் ஒருவர் கை நீட்டினால் தோளைத் தொடும் தூரத்தில் பின்னால் போவார். பேசக் கூடாது. இருமக் கூடாது. தெரிந்தவர் எதிரே வந்தால் வணக்கம் சொல்லக் கூடாது. ஆபத்து என்றால் மட்டும் ஒரே ஒரு சொல்லுக்கு அனுமதி உண்டு: ஸ்டாப். யாருடைய குரல் என்று தெரிந்திருப்பதற்காக, புறப்படும் முன் அந்தச் சொல்லை நடப்பவர் காதில் ஒருமுறை சொல்லிக் காட்ட வேண்டும். நடுவழியில் அதைச் சொல்ல நேர்ந்தால் பாதை தேறவில்லை என்று எழுதுவோம். ஆள் தேறவில்லை என்று எழுதிய ஒரு புதிய அதிகாரியின் அறிக்கையை மிஸ்டர் தியோ அந்த அதிகாரியின் மேசையிலேயே திருப்பி வைத்தது எனக்கு நினைவிருக்கிறது.

நடை முடிந்ததும் நடந்தவருக்குக் காப்பிக்கடையில் கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார். “எங்க கால் தயங்குச்சு?” பிறகு பதில் வரும்வரை வாயைத் திறக்க மாட்டார்.

ஆங் மோ கியோ வட்டாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் தேக்காவில் நடந்த கதைக்குப் போக முடியாது. ரஹீம் என்று ஒருவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர், ஒரு நிறுவனத்தில் தொலைபேசி எடுக்கும் வேலையில் இருந்தார். அவர் எங்களை அழைத்தார்.

“உங்க வெளக்கு பொய் சொல்லுது.”

“என்ன சொல்றீங்க?”

“கார் ஓடுற சத்தம் கேக்குது. அப்பவே பீப் சத்தமும் கேக்குது. காலை வச்சிருந்தா இப்ப உங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்.”

நான் போய்க் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கோளாறு இல்லை. ஒலிபெருக்கியை மாற்றினேன். புகார் நிற்கவில்லை. மூன்றாவது முறை மிஸ்டர் தியோவும் வந்தார். நான் மறுபடியும் பெட்டியைத் திறக்கப் போனேன். “வெளக்கைப் பாக்காதே. உக்காந்து கேளு,” என்றார். சாலையோர இருக்கையில் இருவரும் உட்கார்ந்தோம். விளக்கு சிவப்பு. கம்பம் அமைதியாக இருந்தது. ஆனால் பீப் பீப் பீப் என்று தெளிவாகக் கேட்டது, மேலேயிருந்து.

பின்னால் இருந்த அடுக்குமாடிப் புளோக்கின் இரண்டாவது மாடித் தாழ்வாரத்தில் ஒரு கூண்டு தொங்கியது. உள்ளே பேசும் மைனா. அதை வளர்த்த சீனப் பெரியவர் பனியனுடன் வெளியே வந்தார். நாங்கள் எதற்கு வந்தோம் என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“ரொம்பக் கெட்டிக்காரன் லா. யாரும் சொல்லிக் கொடுக்கல. தானே கத்துக்கிட்டான்.”

ரஹீமின் கதையைச் சொன்னோம். பெரியவர் கூண்டைக் கழற்றினார். சமையலறைப் பக்கம் கொண்டுபோய் மாட்டினார். செய்தியைக் கேட்ட ரஹீம் தொலைபேசியில் சிரித்துக்கொண்டே இருந்தார். “இத்தனை நாளா மனுஷங்கதான் என்னை ஏமாத்துவாங்க. இப்ப பறவையும் சேந்துக்கிச்சா?”

அன்று திரும்பி வரும்போது வேனில் மிஸ்டர் தியோ சொன்னது எங்கள் பிரிவின் விதியாகவே ஆகிவிட்டது. நாம் வைக்காத எதுவும் பாதையில் இருக்கக் கூடாது. சத்தமானாலும் சரி, பொருளானாலும் சரி. அதன் பிறகு பல ஆண்டுகள், நடைபாதைக் கோட்டின் மேல் நிற்கும் சைக்கிள்களையும் பூந்தொட்டிகளையும் கடைப் பலகைகளையும் அகற்றச் சொல்லி அலைவதே என் வேலையில் பாதியாக இருந்தது.

இனி தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா வட்டாரம். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்திலிருந்து சிராங்கூன் சாலையில் உள்ள ஒரு கோயில்வரை புதிய பாதை ஒன்று போட்டோம். எந்தக் கோயில் என்பது இங்கே அவசியமில்லை. சோதனை நடைக்குத் தாமாக முன்வந்தவர் பரிமளா அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். பள்ளி உணவகம் ஒன்றில் கடை நடத்தியவர். சர்க்கரை நோயில் பார்வை போய் அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தோ பாயோவில் மகன் மகேந்திரனுடன் இருந்தார். மகேந்திரன் பேருந்து ஓட்டுநர்.

முதல் சந்திப்பு அவர்கள் வீட்டில் நடந்தது. அக்கா எனக்குத் தேநீர் கலந்து கொண்டுவந்து கொடுத்தார், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல். மகேந்திரன் அதைக் கவனித்தபடி, “வீட்டுக்குள்ள எங்கம்மா ராணி. வெளியில போறதுதான் பிரச்சினை,” என்றார்.

“தோ பாயோவுலயே கோயில் இருக்கே அக்கா,” என்றேன்.

“இருக்கு தம்பி. அங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும். வாசல்ல கால வச்சதும் ஒருத்தி இந்தக் கையப் பிடிப்பா, இன்னொருத்தி அந்தக் கையப் பிடிப்பா. சாமி முன்னாடி கொண்டுபோய் நிறுத்தி, பாவம் பரிமளாம்பாங்க. எனக்குச் சாமிகிட்ட தனியாப் பேசணும். தேக்காவுல என்னை யாருக்கும் தெரியாது.”

“அம்மா, நான் பஸ் ஓட்டுறேன்,” என்றார் மகேந்திரன். “கண்ணு தெரியிறவங்களே ஃபோனப் பாத்துக்கிட்டு எப்படி ரோட்டுல இறங்குறாங்கன்னு தினமும் பாக்குறேன். அண்ணே, நீங்களே கேட்டுக்குங்க. இந்த டெஸ்ட்ல அம்மா ஒழுங்காப் போயிட்டா, வெள்ளிக்கிழமை தனியாப் போகட்டும். நான் வாயத் திறக்க மாட்டேன். இல்லேன்னா இனிமே இந்தப் பேச்சே வேணாம். வீட்டு வேலைக்கு வர்ற பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போகட்டும்.”

“சரிடா,” என்றார் அக்கா. “நீ சொன்ன வார்த்தைக்கு இந்தத் தம்பி சாட்சி.”

நடைப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியை ஒருவர் அக்காவைச் சில வாரங்கள் அந்தப் பாதையில் பழக்கினார். நான் அதே நேரத்தில் பாதையைச் சீராக்கிக்கொண்டிருந்தேன். அங்கே எனக்கிருந்த ஒரே தலைவலி செருப்பு. வெள்ளிக்கிழமை என்றால் கோயில் வாசலில் வந்தவர்கள் எல்லோரும் எங்கள் கோட்டின் மேல்தான் செருப்பைக் கழற்றிப் போட்டார்கள். புள்ளி வைத்த இடம், அதாவது பாதையிலிருந்து கோயிலுக்குப் பிரியும் இடம், செருப்புக் குவியலுக்கு அடியில் காணாமல் போயிருக்கும். படம் எடுத்தேன். கோயில் மேலாளரைப் பார்த்தேன். பக்கத்துச் சந்துக்குள் ஒரு செருப்பு அடுக்கு வைக்கச் சொன்னேன். வைத்தார்கள். யாரும் அங்கே போகவில்லை. பிறகு ஒரு தொண்டரை வாசலில் நிறுத்தி, ஒவ்வொருவரையும் சந்துக்குள் அனுப்ப வைத்தோம். சோதனை நடைக்கு முந்தைய வாரம் வாசல் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கோடும் புள்ளியும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. அந்தப் படத்தை அலுவலகத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். மிஸ்டர் தியோ வெள்ளைக் காலணியோடு நடந்து பார்த்துவிட்டு “மெதுவா” என்றார். பாராட்டும் தொனியில்.

சோதனை நாள், வெள்ளிக்கிழமை காலை. மகேந்திரன் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். எதிர்ப்புற நடைபாதையிலிருந்து பார்ப்பதாகவும் குரல் கொடுக்க மாட்டேன் என்றும் ஒப்புக்கொண்டார். நான் அக்காவின் காதில் “ஸ்டாப்” என்றேன். “கேட்டுச்சு தம்பி. இனிமே உனக்கு வேலை இருக்காது,” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அருமையாக நடந்தார். தடியின் நுனி கோடுகளின் மேல் தடதடவென்று ஓடியது. சாலையைக் கடக்கும் இடத்தில் நின்று, பீப் கேட்டு, கடந்தார். மறுபுறம் கோட்டைப் பிடித்துக்கொண்டார். பூக்கடைகளைத் தாண்டினார். கோயில் வாசல் வந்தது. புள்ளி வைத்த ஓடுகள் வந்தன. அக்கா அவற்றின் மேல் கால் வைத்தார். நிற்கவில்லை. திரும்பவில்லை. அதே வேகத்தில் நேரே போனார்.

கோயிலைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் காய்கறி இறக்கும் லாரிகள் பின்னோக்கி வரும் இன்னொரு சந்து இருக்கிறது. அதற்கு முன்னாலும் புள்ளி உண்டு. அங்கே நின்றுவிடுவார் என்று நான் நினைத்தேன். அந்தப் புள்ளிகளின் மேலும் கால் பதிந்தது, நிற்காமல் கடந்தது. ஒரு லாரி பின்விளக்கு எரியப் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது.

“ஸ்டாப்.”

அக்கா அப்படியே நின்றார். நான் அவர் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். லாரி போனது. சாலையைக் கடந்து மகேந்திரன் ஓடி வந்தார். கோபம் இல்லை, வெளுத்துப்போயிருந்தார்.

“அம்மா, போதும்மா. பாத்தாச்சுல்ல. வீட்டுக்குப் போலாம்.”

அக்கா தடியால் தரையைத் துழாவினார். என் பக்கம் திரும்பி, “செருப்பெல்லாம் எங்க தம்பி போச்சு?” என்றார்.

“எந்தச் செருப்பு அக்கா?”

“கோயில் வாசல்ல கெடக்குமே, குவியலா. தடி அதுல இடிச்சதும் கோயில் வந்துடுச்சுன்னு நானும் கழட்டிப் போட்டுட்டு வலப்பக்கம் திரும்புவேன். இன்னைக்கு ஒரு செருப்புகூடத் தட்டுப்படல. இன்னும் வாசல் வரலன்னு நெனச்சேன்.”

மிஸ்டர் தியோ அருகில் வந்து நின்றிருந்தார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் தம் வழக்கமான கேள்வியை மாற்றிக் கேட்டார்: புள்ளியில் கால் ஏன் தயங்கவில்லை?

“என் காலுக்கு ஒண்ணும் தெரியாது சார்,” என்றார் அக்கா. “சர்க்கரை என்ன, கண்ணோட நின்னுடுமா? பாதம் மரத்துப் போயி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆணி குத்துனாக்கூட வீட்டுக்கு வந்து ரத்தத்தத் தொட்டாத்தான் தெரியும். மல்லிப்பூ வாசத்த வச்சுக் கண்டுபிடிக்கலாமேன்னு டீச்சர் கேட்டாங்க. இங்க எந்தக் கடையிலங்க மல்லிப்பூ இல்ல?”

மிஸ்டர் தியோ குனிந்து தம் வெள்ளைக் காலணிகளைப் பார்த்தார். நானும் என்னுடையதைப் பார்த்தேன்.

சந்தின் முனையில் உடைந்த ஓட்டை மாற்றிக்கொண்டிருந்த ஊழியர்களில் கருப்பசாமி என்று ஒருவர், புதுக்கோட்டைக்காரர். மிஸ்டர் தியோ அவரிடம் போய் அவருடைய கனத்த பாதுகாப்புப் பூட்ஸைக் காட்டிக் கேட்டார்.

“சார், அது நாத்தம் அடிக்கும் சார்,” என்றார் கருப்பசாமி.

“மெதுவா, மெதுவா,” என்றபடி மிஸ்டர் தியோ நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து அந்தப் பூட்ஸை மாட்டிக்கொண்டார். அக்காவின் தடியை இரவல் வாங்கினார். பூக்கடைவரை போய்த் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டு நடந்து வந்தார். கோயில் வாசல் புள்ளியைத் தாண்டினார். சந்துப் புள்ளியையும் தாண்டினார். இம்முறை நான் “ஸ்டாப்” சொன்னது அவருக்கு. கண்ணைத் திறந்து, எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று திரும்பிப் பார்த்தார். பிறகு பூட்ஸைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையை எடுத்து அதன் புழுதியைத் துடைத்துக் கருப்பசாமியிடம் கொடுத்தார்.

“செல்வா,” என்றார் என்னிடம், “நம்ம ஷூ நல்ல காலுக்குத்தான் உதவும்.”

தம் காலணியை மாட்டிக்கொண்டார். எல்லோரையும் காப்பிக்கடைக்கு அழைத்துப் போனார். அக்கா சர்க்கரை இல்லாத கோப்பியை எதிரே வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். மகேந்திரன் முடிவாகச் சொன்னார்.

“சார், பாதை தேறலன்னு நீங்க எழுதிக்குங்க. எனக்கு அது வேற மாதிரித்தான். நீங்க இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்?”

“இன்னொரு தடவை,” என்றார் மிஸ்டர் தியோ. “நாங்க சரி பண்ணின பிறகு. அடுத்த தடவை செல்வா பின்னால போகமாட்டார். நீ போ. ஸ்டாப் சொல்ற ஆள் நீதான்.”

“நானா?”

“உன்னைவிடச் சீக்கிரமா அதை யார் சொல்வாங்க?”

மகேந்திரன் தாயைப் பார்த்தார். அக்கா கோப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

திருத்த வேலைகள் ஒரு மாதத்துக்கு மேல் நடந்தன. காலுக்குத் தெரியாவிட்டாலும் தடிக்கும் காதுக்கும் தெரிய வேண்டும். பாதை பிரியும் இடத்திலும் லாரிச் சந்துக்கு முன்னாலும் பாதையின் முழு அகலத்துக்கும் உலோகப் பட்டை பதித்தோம். அடியில் வெற்றிடம் விட்டதால் தடி பட்டால் ணங் என்று ஒலிக்கும். செருப்பு அடுக்கைக் கோயிலின் பக்கத்துச் சந்திலிருந்து எடுத்து, மக்கள் இயல்பாகச் செருப்பைக் கழற்றும் இடத்திலேயே, கோட்டை ஒட்டி, ஆனால் கோட்டை மறைக்காமல் வைக்கச் சொன்னோம். கோயில் மேலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அண்ணே, உள்ள வைங்கன்னீங்க, வச்சோம். இப்ப வெளிய வைங்கங்கிறீங்க, வைக்கிறோம். அடுத்தாப்புல கோபுரத்த நகத்தச் சொல்லாம இருந்தாச் சரி.”

மிஸ்டர் தியோ எங்கள் வரைபடத்தில் அந்த அடுக்கையும் குறிக்கச் சொன்னார். நாம் வைக்காத பொருளுக்கு நம்மிடம் குறியீடு இல்லையே என்றேன். “அப்ப செருப்பையே வரை,” என்றார். வரைந்தேன். அந்த வரைபடத்தில் இன்றும் ஒரு சிறிய செருப்பு இருக்கும்.

இரண்டாவது நடையும் ஒரு வெள்ளிக்கிழமைதான். நிலைய வாசலில் மகேந்திரன் குனிந்து அக்காவின் காதில் “ஸ்டாப்” என்றார்.

“பஸ்ஸுல கத்துற மாதிரி கத்தாத. காது நல்லாத்தான் இருக்கு,” என்றார் அக்கா.

மிஸ்டர் தியோவும் நானும் எதிர்ப்புறத்தில் நடந்தோம். முன்பு மகேந்திரன் நின்ற இடம் அது. அங்கிருந்து பார்ப்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அக்கா சாலையைக் கடந்தார். பூக்கடைக்கு முன்னால் பெட்டிகள் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று குறுக்கே வந்தது. தடி இடிக்க, நின்றார். மகேந்திரனின் வாய் திறந்தது. வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். வண்டி போனது. ஒரு இளைஞர் எங்கிருந்தோ வந்து அக்காவின் கையைப் பிடித்தார்.

“வாங்கம்மா, நான் கொண்டுபோய் விடறேன்.”

“விடுப்பா. நான் டெஸ்ட்ல இருக்கேன்.”

இளைஞர் எதுவும் புரியாமல் விலகினார். அக்கா சற்று நேரம் அங்கேயே நின்று, தடியை இருபுறமும் வீசிக் கோட்டைத் தேடினார். கிடைக்கவில்லை. ஓரடி இடப்பக்கம், சாலை பக்கம், நகர்ந்தார். மகேந்திரன் பொத்திய கையை எடுத்தார். ஆனால் சொல்லவில்லை. அக்கா தடியை மறுபடி வீசினார், தடதடவென்று கேட்டது, நடந்தார்.

ணங்.

நின்றார். தடியை மெல்ல வலப்பக்கம் கொண்டுபோனார். அது அடுக்கின் மரச் சட்டத்தில் தட்டி, மேலே ஏறி, யாரோ ஒருவருடைய ரப்பர் செருப்பைத் தட்டிக் கீழே தள்ளியது. அக்காவின் முகத்தில் சிரிப்பு வந்ததை நான் சாலைக்கு இப்பால் இருந்தே பார்த்தேன். விழுந்த செருப்பைத் தேடி எடுத்து வைத்தார். தம் செருப்பைக் கழற்றி அடித்தட்டின் ஓரத்தில் சொருகினார். வலப்பக்கம் திரும்பிக் கோயிலுக்குள் போனார். மகேந்திரன் உள்ளே போகவில்லை. அடுக்கின் பக்கத்தில் நின்று முகத்தை இரண்டு கைகளாலும் துடைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. சாமியிடம் பேச நிறைய இருந்திருக்க வேண்டும். கையில் குங்குமம் மடித்த காகிதம். குனிந்து செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, யாரையும் தேடாமல், காற்றைப் பார்த்துச் சொன்னார்.

“மகி, நீ மூச்சு விடுறது ஸ்டேஷன்லேருந்து கேக்குது. அடுத்த வாரம் வராத.”

“சரிம்மா,” என்றார் மகேந்திரன்.

மிஸ்டர் தியோ அன்று கோப்பி வாங்கிக் கொடுக்கவில்லை. மூன்று பேருக்கும் தேக்கா சந்தையில் மசால் தோசை வாங்கிக் கொடுத்தார். கேள்வியும் கேட்கவில்லை. அவர் ஓய்வு பெற்று இப்போது மகளுடன் வெளிநாட்டில் இருக்கிறார். புத்தாண்டுக்கு வாழ்த்து அனுப்பினால் ஒரே சொல்லில் பதில் வரும். எந்தச் சொல் என்று எழுத வேண்டியதில்லை.

வித்யா, காலணிகளை எறிய வேண்டாம். பக்கத்தில் ஒரு ஜோடி பாதுகாப்புப் பூட்ஸும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பேசும் வழிகாட்டியை இரண்டிலும் நடந்து பாருங்கள். ‘கோயில் நுழைவாயில், வலப்பக்கம்’ என்று அது சொல்வது சரிதான். அதற்கு முன்னால் ‘செருப்பு அடுக்கு’ என்றும் ஒரு வார்த்தை சேர்க்கச் சொல்லுங்கள். பழைய வரைபடத்தில் இடம் குறித்திருக்கிறது.

இதை எழுதத் தொடங்கிய பிறகு, போன வெள்ளிக்கிழமை, தேக்காவுக்குப் போயிருந்தேன். முழங்கால் வலிக்காக இப்போது நானும் ஒரு கைத்தடி வைத்திருக்கிறேன். பூக்கடைக்கு அருகில் எனக்கு முன்னால் ஒரு பெண்மணி தடியோடு நடந்துகொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. காதில் பேசும் கருவி எதுவும் இல்லை. வேகம் குறைந்திருந்தது, ஆனால் தயக்கம் இல்லை. ணங் என்று கேட்டது. மரத்தில் தட்டும் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றி அடித்தட்டின் ஓரத்தில் சொருகினார்.

நான் கை நீட்டினால் தோளைத் தொடும் தூரத்தில் இருந்தேன். பரிமளா அக்கா என்று கூப்பிட வாயெடுத்தேன். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. என் தடி தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் திரும்பி உள்ளே போகும்வரை நின்றேன்.